கோமுவின் இடுப்பைச் சுற்றி வந்த கோடு

என் மகள் கோமுவின் முதுகில் புறப்பட்ட ஒரு கோடு, இடுப்பைச் சுற்றி வந்து தன் தலையால் தன் வாலைத் தொடுகிற அன்றைக்கு அவள் செத்துப்போவாள் என்று நான் நம்பினேன். மனப்பூர்வமாக நம்பினேன். இதை எழுதுகிறவன் கைநாட்டு அல்ல. சர்வே இலாகாவில் சங்கிலி இழுத்து, ஊர் ஊராக வயல்களின் எல்லையைப் பிரித்துக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன். நாற்பது தாண்டியவன். எங்கள் இலாகாக் கச்சேரியில் என்னைக் கண்டாலே சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். அடுத்தவன் பயத்தைக் கேலி பண்ணுவதில் எனக்கு அப்படி ஒரு பேர். அந்தப் பேர் என்ன ஆயிற்று என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். தன் பிள்ளை உடம்பில் இதே மாதிரி ஒரு கோட்டைப் பார்த்துவிட்டு எந்தத் தகப்பனாவது ராத்திரி முழுக்க வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தால், அவன் கொஞ்சம் உட்காரட்டும் என்றும்தான்.

எங்கள் வீடு பேட்டையில். ஆனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை என் மனைவி சிவகாமி பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவள் கூப்பிட்டாள்.

"இங்கன வந்து பாருங்க. பிள்ள முதுகுல என்னமோ வரி போட்டிருக்கு."

பார்த்தேன். முதுகெலும்பின் மேல் தொடங்கி இடப்பக்கமாக ஒரு விரல்கடை நீளத்துக்குச் சின்னச் சின்னப் பொரிகள். கடுகைவிடச் சிறியவை. ஒன்றன் பின் ஒன்றாக, யாரோ வரிசை தப்பாமல் ஒட்டிவைத்த மாதிரி.

"நம்ம இலாகாக்காரன் எவனோ வந்து அளந்துட்டுப் போயிருக்கான்" என்றேன்.

சிவகாமி சிரிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கோடு கீழ்நோக்கிச் சரிந்து விலாவுக்கு வந்திருந்தது. அன்றைக்கு நானும் சிரிக்கவில்லை.

கோமுவுக்கு அப்போது ஆறு வயது. அவளுக்கு முன்னால் பிறந்தவை தங்கவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. இது மட்டும் தெரிந்தால் மற்றது புரியும்.

தெருவில் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். அக்கி. அக்கி என்றால் எங்கள் பக்கத்தில் வைத்தியரைத் தேடுவதில்லை, மண்பாண்டம் வனைகிற வேளாரைத் தேடுவோம். அவர் காவி மண்ணைக் குழைத்து இறகால் தொட்டு, வரிசையின் மேல் பூசுவார். தலைப்பக்கம் ஒரு சிங்கம், வால்பக்கம் ஒரு நாய் என்று உருவம் எழுதுவார். அதற்குப் பேரே அக்கி எழுதுவது. வேளார் கொண்டுவந்தது கோழி இறகு. எங்கள் சைவ வீட்டுக்குள் கோழி சம்பந்தப்பட்ட ஒரு பொருள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. அதைக்கூட நான் கேட்கவில்லை என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"அக்கிதான் பிள்ளைவாள். கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன்" என்றார் வேளார்.

"கண்ணத் தொறந்து பாத்துச் சொல்லும் வேளாரே. ஒத்தப் பிள்ள."

"பாத்தாச்சு. வாலு முதுகெலும்புல இருக்கு. தல முன்னால வருது. ரெண்டும் சேரப்படாது. சேந்துட்டா..."

"சேந்துட்டா?"

"அது எதுக்கு? நல்ல காரியம் பேசுவோம்."

அவர் நல்ல காரியம் பேசப்போனாரே, அந்த இடத்தில்தான் என் புத்தி கழன்று விழுந்தது. பிள்ளையோ கூச்சத்தில் நெளிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். "சிங்கத்துக்கு மீசை வையிங்க" என்றாள். வேளார் மீசை வைத்தார். வலிக்கிறதா என்று நான் கேட்கிறபோதெல்லாம் இல்லை என்றாள். எரிகிறதா என்றால் இல்லை. பிறகு என்னதான் செய்கிறது என்று ஒரு நாள் அதட்டினேன். "பசிக்குப்பா" என்றாள்.

காவியால் எனக்கு ஒரு புதுச் சங்கடம் வந்தது. பூச்சுக்குள் கோட்டின் தலை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கழுவிப் பார்த்தால், நேற்று எங்கே இருந்தது என்று தெரியவில்லை. ஒரு எல்லைக்கல் இல்லாத நிலத்தை எப்படி அளப்பது? கல் நட்டால்தான் நகர்ந்ததா இல்லையா என்று சொல்லமுடியும். பிள்ளை வயிற்றில் கல் நட முடியாது. அதனால், எத்தனை தண்ணீர் விட்டாலும் போகாத ஒரு புள்ளி வேண்டும் என்று யோசித்தேன். என் வேட்டி மூலையைப் பார்த்தேன். யோசனை உதித்தது.

எங்கள் துணி இன்ன வீட்டுது என்று தெரிய, வெளுக்கிறவர் ஓரத்தில் சேங்கொட்டைப் பாலால் ஒரு குறி போடுவார். துணி கிழிந்தாலும் குறி கிழியாது. அவரிடம் ஒரு கொட்டை வாங்கி வந்தேன். ஊசியால் குத்திக் கறுப்புப் பாலை எடுக்கும்போது சிவகாமி பார்த்துவிட்டாள்.

"என்ன செய்யுதிய?"

"கோட்டுத் தலையில ஒரு புள்ளி. நாளைக்குப் பாத்தா எவ்வளவு நகந்திருக்குன்னு தெரிஞ்சுபோகும்."

"பிள்ள மேலயா? மொதல்ல ஒங்க கையில இழுத்துப் பாருங்க."

"இழுத்தா என்ன ஆகும்?"

"இழுங்களேன்."

இழுத்தேன். இடது முன்னங்கையில், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும், என் உத்தியோகத்துக்குத் தகுந்த நேர்கோடு. அரை நாழிகை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. "பாத்தியா?" என்றேன். அவள் கொட்டையைப் பிடுங்கிக் கொல்லைக்கு வெளியே வீசிவிட்டு உலைக்கு அரிசி போடப் போனாள்.

மறுநாள் திசையன்விளைப் பக்கம் முகாம். தேரி என்கிற செம்மணல் மேட்டில் கூடாரம் போட்டிருந்தோம். காற்று நிற்கவே நிற்காத ஊர். அங்கே போய்ச் சேர்ந்ததும் கை தினவெடுத்தது. சொறிந்தேன். சொறிந்த கையால் முகத்தைத் துடைத்தேன். அடுத்த நாள் சட்டைக் கையை மடக்கிப் பார்த்தால், நீர் கோத்த கொப்புளங்கள். அதுவும் எப்படி? ஒன்றன் பின் ஒன்றாக. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை.

கோடு.

வாசிக்கிறவர்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. சேங்கொட்டை என்று ஒன்றை நான் தொட்டதே மனசில் வரவில்லை. பிள்ளை மேல் இருந்த அக்கி என் மேலும் தாவிவிட்டது என்றுதான் பட்டது. என் கோடு எங்கே போய்ச் சுற்றும், கையைச் சுற்றுமா, தோளில் ஏறிக் கழுத்தைச் சுற்றுமா என்று கணக்குப் போட்டேன். இரண்டு பேரில் யார் கோடு முதலில் முடியும் என்று கணக்குப் போட்டேன். என் கோடு முந்திக்கொண்டால் அவளுக்கு ஒன்றும் ஆகாமல் போகலாமோ என்றுகூட ஒரு கணக்கு. அந்தக் கணக்கை மட்டும் நான் இதுவரை கேலி செய்ததில்லை. பெரிய அதிகாரியிடம் உடம்புக்கு ஆகவில்லை என்று சொல்லி வண்டி ஏறினேன். என் முகம் வீங்கியிருந்ததைப் பார்த்து அவர் காரணம் கேட்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் சிவகாமி என் கையைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"பேசாத" என்றேன். "பிள்ளையத் தூக்கு. பாளையங்கோட்டைக்குப் போறோம்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். கோமுவை ஆஸ்பத்திரியில் காட்டுவோம் என்று முதல் வாரமே கேட்டவள் அவள். பாதிரிமார் ஆஸ்பத்திரிக்கெல்லாம் நம் வீட்டுப் பிள்ளையைக் கொண்டுபோவதா என்று நான்தான் தடுத்திருந்தேன். என் கையில் இருப்பது என்ன என்று அன்றைக்கே அவளுக்குத் தெரியும். சொல்லியிருந்தால் நான் வண்டியை விட்டு இறங்கியிருப்பேன். அதனால் சொல்லவில்லை. இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

வண்டி பாலத்தைத் தாண்டி வண்ணார்பேட்டைக்குள் போகும்போது கோமு ஆற்றைப் பார்க்கவேண்டும் என்று எழுந்து நின்றாள். ஆற்றில் புதுவெள்ளம். நான் ஆற்றைப் பார்க்கவில்லை. வண்டிக்காரன் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவன் முதுகில் ஒரு கோடும் இல்லை. அவன் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நீள பெஞ்சு. கட்டுப் போட்ட கால்கள், இருமுகிற கிழவர்கள், அழுகிற கைக்குழந்தைகள். வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மாள் எல்லோருக்கும் நடுவில் நின்று கிறிஸ்தவ வேதத்திலிருந்து வாசித்துக்கொண்டிருந்தார். இடையில் நிறுத்தி, "அண்ணாச்சி, ஒக்காந்து கேளுங்க, நடந்தா மனசுல நிக்காது" என்றார். உட்கார்ந்தேன். அவர் அடுத்த வரி வாசிப்பதற்குள் எழுந்துவிட்டேன். கடைசியில், "சரி, நடங்க" என்று விட்டுவிட்டார்.

டாக்டரம்மா சீமையிலிருந்து வந்து பல வருஷம் ஆனவர். தமிழ் தெளிவாகப் பேசுவார். ஆனால் புத்தகத்திலிருந்து இறங்கிவராத தமிழ்.

முதலில் காவியைக் கழுவச் சொன்னார். சிங்கம் போகிறதென்று கோமு அழுதாள். பிறகு ஒரு பூதக்கண்ணாடியை வைத்து முதுகெலும்பிலிருந்து ஒவ்வொரு பொரியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கோமுவைக் கண்ணை மூடச் சொல்லி, கோட்டின் மேல் ஒரு தடவை ஊசி நுனியாலும் ஒரு தடவை பஞ்சாலும் தொட்டு, "இது கூர்மையா, மிருதுவா?" என்று கேட்டார். குஷ்டம் என்றால் அந்த இடத்துத் தோலுக்கு உணர்ச்சி மரத்துப்போயிருக்குமாம். கோமு ஒன்றுகூடத் தப்பாமல் சொன்னாள். கடைசியில், "இப்ப நான் குத்துதேன், நீங்க சொல்லுங்க" என்று ஊசிக்குக் கை நீட்டினாள். படர்தாமரையா என்று பார்க்கத் தோலில் லேசாகச் சுரண்டி, அந்தத் தூளைக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பெருக்கிக் காட்டுகிற கருவியில் பார்த்தார். அதற்குள் நான் அந்த அறையை ஒரு ஏக்கர் அளவுக்கு நடந்திருப்பேன்.

"இது அக்கி அல்ல" என்றார் டாக்டரம்மா. "அக்கியானால் நீர்க்கொப்புளம் எழும்பும், அக்கினியைப்போல் எரியும், சில தினங்களில் முடிந்துபோம். குஷ்டமும் அல்ல, படர்தாமரையும் அல்ல. பிள்ளைகளுக்கு அபூர்வமாய்க் கோடுபோல் வருகிற ஒரு சரும வியாதி உண்டு. இது அதுவாயிருக்கலாம். ஆனாலும் நிச்சயமாய்ச் சொல்ல எனக்குச் சில தினங்கள் வேண்டும். இந்தக் கோடு வயிற்றின் மத்தியில் நிற்கிறதா, மத்தியைத் தாண்டுகிறதா என்று பார்க்கவேண்டும்."

"தாண்டிட்டா?"

"தாண்டினால் நான் வேறுவிதமாய் யோசிக்கவேண்டியதாகும்."

வேளார் நல்ல காரியம் பேசப்போனார். இந்த அம்மாள் வேறுவிதமாய் யோசிக்கப்போகிறார். இரண்டு பேரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்களே.

"இப்போது உம்முடைய கரத்தை நீட்டும்."

நீட்டினேன். "பிள்ளைகிட்டயிருந்து தாவினதும்மா" என்றேன்.

"எவ்விதமாய்த் தாவிற்று?"

"அது தெரியலம்மா. ஒரு வண்டியில வந்தோம், ஒரு பாயில படுத்தோம்."

பூதக்கண்ணாடி என் கையின் மேல் ஊர்ந்தது. "கொப்புளங்களின் நடுவில் கறுப்பாய் ஒரு கோடு இருக்கிறதே. இதை எழுதினது யார்?"

நான் சிவகாமியைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாதான்" என்றாள் கோமு. "சேங்கொட்டையால. அம்மா வேணாம்னா."

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். கம்பவுண்டர் ஏதோ எடுக்கவேண்டும் என்று வெளியே போனார். கதவுக்கு அந்தப்பக்கம் அவர் எடுத்தது சிரிப்பு.

ஆனால் அதோடு முடியவில்லை. எனக்குக் காய்ச்சல் அடித்தது. சிறுநீர் காப்பிக் கஷாயம் மாதிரி இருந்தது. அதைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காட்டினார் கம்பவுண்டர். பால் திரிகிற மாதிரி அது திரிந்தது. சேங்கொட்டை நஞ்சு தோலோடு நிற்காமல் சிறுநீரைப் பிரிக்கிற மூத்திரக்காய் வரை போயிருக்கிறது என்று அதற்கு அர்த்தமாம். ஆகக்கூடி, பிள்ளையைச் சேர்க்க வந்தவனைப் பெரிய வியாதிக்காரனாகச் சேர்த்தார்கள். கோமுவும் சிவகாமியும் பெண்கள் பக்கத்தில் தங்கினார்கள், கோட்டைத் தினமும் பார்ப்பதற்காக. நான் ஆண்கள் பக்கத்தில். நடுவில் ஒரு முற்றம், ஒரு மதில், ஒரு கதவு. ஆண்கள் அந்தப்பக்கம் போகக்கூடாது. பிள்ளைகள் இந்தப்பக்கம் வரக்கூடாது.

என் வேலையைச் சற்று நினைத்துப்பாருங்கள். பத்துக் கிராமத்து எல்லையை அளந்தவன். இப்போது நான் அளக்கவேண்டிய ஒரே எல்லை ஒரு மதிலுக்கு அந்தப்பக்கம் இருக்கிறது.

பக்கத்துக் கட்டிலில் மேலப்பாளையத்து மைதீன் அண்ணாச்சி. கருப்பட்டி மொத்த வியாபாரம். முதுகில் ராஜபிளவை. அறுத்துச் சீழ் எடுத்திருந்தார்கள். மல்லாந்து படுக்கமுடியாது, அவர் பேச்செல்லாம் தலையணைக்குள்ளிருந்துதான் வரும்.

"ஊருக்கெல்லாம் இனிப்பு வித்தவனுக்கு நீர்ல இனிப்புன்னு சொல்லிட்டா வே டாக்டரம்மா" என்றார். "அல்லா கணக்கு வச்சிருக்கான் பாத்தீரா? ஒம்ம கேசு என்ன?"

சொன்னேன். தலையணை குலுங்கிற்று. குலுங்கினால் முதுகுப் புண் வலிக்கும்.

"சிரிக்க வைக்காதீரும் பிள்ளைவாள், தையல் விட்டுப்போகும். நீரா எழுதி நீரா பயந்தீரா?"

"ஆமா."

"மறுபடியும் சொல்லும்."

என் கைக்கு ஏதோ ஈய மருந்து கலந்த வெள்ளைத் தண்ணீரில் துணியை நனைத்துச் சுற்றினார்கள். காய்ந்தால் மறுபடி நனைப்பார்கள். சோற்றில் உப்பு இல்லை. தண்ணீர் மட்டும் குடம் குடமாக. தினவு என்றால் சாதாரணத் தினவல்ல, கட்டிலோடு சேர்த்துச் சொறியவேண்டும் போல. ஆனால் என்னைத் தூங்கவிடாதது அதுவல்ல. விளக்கை இறக்கியதும் வார்டில் ஒவ்வொருவராகக் குறட்டை விடத் தொடங்குவார்கள். அப்போது மதிலுக்கு அந்தப்பக்கம் கோடு நகர்கிற சத்தம் எனக்குக் கேட்கும். சத்தியமாகக் கேட்கும்.

சிவகாமி மட்டும் மத்தியான வேளையில் வரலாம். சைவக்காரர்கள் சமைத்துக்கொள்ளப் பின்பக்கம் ஒரு கொட்டகை விட்டிருந்தார்கள். அங்கே பொங்கி, தூக்குச்சட்டியில் கொண்டுவருவாள். முதல் நாளே அவளிடம் ஒரு வேலை கொடுத்தேன். கோட்டின் தலையிலிருந்து தொப்புள் வரைக்கும் நூல் வைத்துப் பார்த்து, அந்த அளவுக்கு அறுத்து எனக்குக் கொண்டுவரவேண்டும்.

கொண்டுவந்தாள். என் ஆள்காட்டி விரல் நீளத்துக்குச் சற்று கூடுதல்.

மறுநாளும் கொண்டுவந்தாள். விரலில் வைத்துப் பார்த்தேன். அதே அளவு. அதற்கு மறுநாளும் அதே.

"என்ன பிள்ளைவாள், பிள்ளைக்கு ரவிக்க தைக்கப்போறீரா?" என்றார் மைதீன் அண்ணாச்சி.

"கோடு நின்னுட்டு அண்ணாச்சி. நகரல."

"அல்ஹம்துலில்லா. அப்ப கொஞ்சம் தூங்கும். நீரு நடக்கிற நடையில தரை தேயுது."

தூங்கினேன். காய்ச்சல் இறங்கிற்று. சிறுநீர் வெளுத்தது. சிவகாமி வருவாள், நூலைக் கொடுப்பாள், ரசத்தை ஊற்றுவாள். "வேற ஒண்ணும் இல்லையே?" என்பேன். "ஒண்ணும் இல்ல. சூடு ஆறுமுன்ன குடிங்க" என்பாள். எனக்கு மறுபடி கேலி வந்துவிட்டது. கம்பவுண்டர் நடக்கிற மாதிரி நடந்து காட்டி வார்டையே சிரிக்க வைத்தேன். அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார், நிறுத்தச் சொல்லி.

ஒரு சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே, "அப்பா" என்று குரல். கோமு. கதவு திறந்திருந்த நேரம் பார்த்து ஓடி வந்திருக்கிறாள். கம்பிக்கு நடுவில் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒங்க மூஞ்சி நல்லாயிட்டா?"

"ஆயிட்டு. ஒன் கோட்டக் காட்டு பாப்போம்."

சட்டையைத் தூக்கினாள்.

விரல் நீளம் என்று நான் நாள்தோறும் தடவிப் பார்த்த அந்த இடைவெளி அங்கே இல்லை. கோடு விலாவில் வளைந்து, மேலே ஏறி, மறுபடி இறங்கி, நேராகத் தொப்புளுக்கு மேலே நடுவயிற்றில் வந்து நின்றது. நின்றதா, போய்க்கொண்டிருந்ததா?

பிறகு நடந்ததை மைதீன் அண்ணாச்சி சொல்லித்தான் எனக்கே தெரியும். வேட்டியைத் தேடாமல், போர்த்தியிருந்த ஆஸ்பத்திரித் துப்பட்டியை உடம்பில் சுற்றிக்கொண்டு, கையிலிருந்த கட்டு பாதி அவிழ்ந்து வால்போல இழுபட, முற்றத்தைத் தாண்டி, ஆண்கள் போகக்கூடாத கதவுக்குள் போனேனாம். உள்ளே ஒரே கூச்சல். ஒரு நர்ஸ் இரண்டு கையையும் விரித்து வழி மறித்தார். பின்னால் கோமு, "பையப் போங்கப்பா, துப்பட்டி அவுருது" என்று கத்திக்கொண்டே வந்தாளாம்.

சிவகாமி வெளியே வந்தாள். நான் கையை நீட்டினேன். கையில் அன்றைய நூல்.

"இது என்ன?"

அவள் பார்த்தாள். "மொத நாளு அளவு" என்றாள். "தெனமும் அதே அளவுக்கு அறுத்துக்கிட்டு வந்தேன்."

"ஏன்?"

"ஒங்களுக்குக் காச்சல். மூத்திரக்காய்க்கு ஆகாதுன்னு டாக்டரம்மா சொன்னா. நீங்க படுக்கணும். நெசத்தச் சொன்னா படுப்பியளா?"

நான் அந்த நூலை மறுபடி விரலில் வைத்துப் பார்த்தேன்.

"நான் ஒருத்தி. பிள்ளைய நெனச்சுப் பயப்படவா, நீங்க பயப்படுததப் பாத்துப் பயப்படவா? ஒண்ணத் தூங்க வச்சாத்தான் இன்னொண்ண நான் சொமக்க முடியும்." முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே சில நூல் துண்டுகள். ஒன்றைவிட ஒன்று சின்னது. கடைசி நூல் அரிசி நீளம்கூட இல்லை. "இதுதான் நெசம். முந்தாநேத்தோட முடிஞ்சுபோச்சு. அதுக்கு மேல அறுக்க எடம் இல்ல."

அந்த முற்றத்தில், பெண்கள் வார்டே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்க்க, அவள் அழுதாள். கோமு பிறந்ததற்குப் பிறகு அவள் அழுது நான் பார்த்ததில்லை. துப்பட்டி நுனியைக் கொடுத்தேன். அது மருந்து நாற்றம். அவள் அதைத் தள்ளிவிட்டுத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா வந்து என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோமுவைப் பெஞ்சில் நிற்க வைத்து, நீலப் பென்சிலால் மார்புக்குழியிலிருந்து தொப்புள் வழியாகக் கீழே ஒரு கோடு இழுத்தார். "இதுவே மத்தி" என்றார். "பொரிகள் இதைத் தொட்டிருக்கின்றன. தாண்டவில்லை. தினமும் காலையில் இதைப் புதுப்பித்துப் பார்ப்போம். நீரும் வரலாம். ஆனால் தயவுசெய்து வஸ்திரம் தரித்து வாரும்."

அதற்குப் பிறகு வந்த காலைகளை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. விடிவதற்கு முன்னாலேயே கதவருகில் போய் நின்றுவிடுவேன். டாக்டரம்மா ஜெபம் முடித்து வர நேரமாகும். நர்ஸ் சிரிப்பார். கோமுவைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கொண்டுவருவாள் சிவகாமி. பிள்ளை கொட்டாவி விட்டுக்கொண்டே சட்டையைத் தூக்குவாள். நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் குனிவோம், தலை முட்டிக்கொள்ளும். நீலக் கோட்டுக்கு இந்தப்பக்கம் பொரி. அந்தப்பக்கம் வெறும் தோல். "இன்னைக்கு இல்ல" என்பாள் சிவகாமி. "இன்னைக்கு இல்ல" என்பேன் நான். பிறகு மறுநாள் காலை வரைக்கும் ஒரு வேலையும் ஓடாது. மைதீன் அண்ணாச்சி தொழுகை முடித்ததும் தலையணைக்குள்ளிருந்து கேட்பார்: "எல்லை தாண்டிச்சா வே?" "தாண்டல அண்ணாச்சி." "நமக்குக் கேஸ் நடக்குது போல இருக்கு. தெனமும் வாய்தா."

அவர் தையல் பிரித்தபோதும் தாண்டவில்லை. என் கைக் கட்டை எடுத்தபோதும் தாண்டவில்லை.

ஒரு நாள் டாக்டரம்மா பூதக்கண்ணாடியை மூடிப் பைக்குள் போட்டார். கோமுவின் மரப்பாச்சியை வாங்கி, அதன் மேல் நீலப் பென்சிலால் முதுகிலிருந்து வயிற்றுக்கு வளைந்து வளைந்து கோடுகள் போட்டார். தன் பொம்மைக்கும் அக்கி வந்துவிட்டதென்று கோமு முறைத்தாள்.

"கர்ப்பத்தில் பிள்ளை உருவாகும்போது சருமம் இவ்விதப் பட்டைகளாய் வளர்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள்" என்றார். "வலப்பக்கம் தனி, இடப்பக்கம் தனி. இரண்டும் முதுகின் மத்தியிலும் வயிற்றின் மத்தியிலும் சேர்கின்றன. உமது குமாரத்திக்கு வந்திருப்பது அந்தப் பட்டைகளில் ஒன்றின்மேல் மாத்திரம் வந்த அழற்சி. முதுகின் மத்தியில் தொடங்கிற்று, வயிற்றின் மத்தியில் முடிந்தது. அதற்கப்பால் போக அதற்குப் பாதை இல்லை."

"ஏன் வந்துச்சும்மா?"

"அறியேன்."

"மருந்து?"

"வேண்டியதில்லை. சில மாதங்களில், அல்லது ஒரு வருஷத்தில், தானே போய்விடும். கொஞ்சக்காலம் வெளுத்த தழும்பு இருக்கும். அதுவும் போய்விடும்."

"இதுக்குப் பேரு என்னம்மா?"

அவர் ஒரு லத்தீன் பேர் சொன்னார். உடனே, வேறு டாக்டர்கள் வேறு பேர் சொல்வார்கள் என்றும் சொன்னார். எனக்கு எந்தப் பேரும் நிற்கவில்லை. பாதை இல்லை என்று அவர் சொன்னதை மட்டும் மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டேன். மூன்றாம் தடவை, "ஐயா, மற்ற வியாதிக்காரர்கள் காத்திருக்கிறார்கள்" என்றார்.

வீட்டுக்குத் திரும்பினோம். யார் நிறுத்தினார்கள் என்று தெருவில் ஒரு வழக்கு நடந்தது. வேளார், சிங்கம் என்றார். மைதீன் அண்ணாச்சி ஒரு கூடைக் கருப்பட்டியோடு பார்க்க வந்து, தான் தொழுகையில் கேட்ட துஆ என்றார். சிவகாமி சங்கரன்கோவிலுக்கு நேர்ந்திருந்தாள். டாக்டரம்மா மட்டும், கையெழுத்துப் போட்டு அனுப்பும்போதே, தான் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிவிட்டார்.

ஐப்பசி மழையில் பொரிகள் தட்டையாயின. தை பிறந்தபோது தடவினால் தெரியவில்லை. உற்றுப் பார்த்தால் வெளுத்த ஒரு கீற்று. அடுத்த ஆனி வருவதற்குள் அதுவும் இல்லை. கோடு தானாக வந்தது, நடுவயிற்றில் நின்றது, தானாகப் போய்விட்டது. மருந்து எதுவும் கொடுக்கவில்லை. கோமுவுக்கு இப்போது எட்டு வயது, நன்றாக இருக்கிறாள்.